காணிக்காரர் கனடாவில், பார்த்தீனியம் வேலியோரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஆள் இருக்கும் வீடுகளைவிடப் படலை பூட்டிக் கிடக்கும் வளவுகள்தான் அதிகம். காணிக்காரர் ரொறன்ரோவில் இருப்பார், இல்லாவிட்டால் லண்டனில். உள்ளே பார்த்தீனியம் என்ற களைச்செடி இடுப்பளவுக்கு நிற்கும். மாரி மழை இரண்டு நன்றாக விழுந்தால் போதும், நிலத்தோடு ஒட்டி வட்டமாகப் படுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பருவத்தில் பார்த்தால் கரட் இலை என்றுதான் நினைப்பீர்கள். பிறகு தண்டு எழும்பும், கிளை விடும், உச்சியெல்லாம் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூ. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஒரு செடி 10,000 முதல் 25,000 வரை விதை போடும். காற்று, வெள்ளம், மாட்டுக் குளம்பு, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரச் சில்லு என்று கிடைத்த எல்லாவற்றிலும் ஏறிப் போகும்.

வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்க வரும் அக்கா ஒருவர் வெயிலிலும் நீளக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குள் இறங்குவார். ஒருநாள் கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் தடித்துக் கறுத்திருந்தது. "சொறிஞ்சால் இரவிலை நித்திரை இல்லைத் தம்பி. பிடுங்காமல் விட்டால் வெங்காயம் இல்லை" என்றார். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் இழுப்பும் தனி. மாடு தின்றால் பாலில் கசப்பு ஏறும்.

சரி, இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிருக்குக் கேடு செய்யும் எதையும் நாட்டுக்குள் விடாமல் தடுப்பது, வந்துவிட்டால் பரவாமல் மறிப்பது என்ற இரண்டு வேலைக்குமான சட்டம் அது. அதே 1999 இல்தான் பார்த்தீனியம் வவுனியாவில் முதன்முதலாக முறைப்படி பதிவானது. 1987 முதல் 1990 வரை இங்கே நின்ற இந்திய இராணுவத்துக்கு இறைச்சிக்காக வந்த ஆடுகளோடுதான் விதை வந்தது என்று ஊரில் சொல்வார்கள், விவசாயத் துறையினரும் சொல்வார்கள். இந்தியாவுக்கு அது போனது அமெரிக்கக் கோதுமையோடு என்பார்கள். புனேயில் 1950களின் நடுவில் கண்டுபிடித்தார்கள். கோதுமை மூட்டையில் ஏறி, ஆட்டின் வயிற்றில் இருந்து, கடைசியில் நம் செம்மண்ணில் இறங்கியிருக்கிறது. எந்த விசாவும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "பிறநாட்டுச் செடி எல்லாத்தையும் தடை செய்யவேணும்" என்று எழும்புவார். ஐயா, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழை நினைத்துப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, மரவள்ளியும் அப்படியே. அந்தச் சட்டம் வந்தால் கூழ்ப்பானையில் நண்டும் ஒடியல் மாவும்தான் மிஞ்சும். புகையிலையும் பப்பாசியும் தக்காளியும் போய்விட்டால் வலிகாமத்தில் அரைவாசித் தோட்டக்காரர் வேறு தொழில் பார்க்கவேண்டியதுதான். வெளியிலிருந்து வருவது குற்றம் இல்லை. வந்த இடத்தில் மற்றதை வாழவிடாமல் பரவுவதுதான் பிரச்சினை. 2023 செப்ரெம்பரில் ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் உயிர்ப்பல்வகைமை நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் எண்ணிக்கையில் காட்டியது. மனிதரால் இடம் மாறிய இனங்கள் உலகம் முழுக்க 37,000 க்கு மேல், அவற்றில் கேடு செய்பவை 3,500 சொச்சம். பத்தில் ஒன்று. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றால் வருடத்துக்கு 423 பில்லியன் டொலருக்கு மேல் நட்டம்.

இன்னொரு பழக்கம், எல்லாப் பழியையும் கள்ளக்கடத்தல்காரரின் தலையில் போடுவது. இலங்கையின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். உண்ணிச்செடி 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது. பெரிய ஆபிரிக்க நத்தையை 1900 இல் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து வட்டவளையில் விட்டவர் ஓர் இயற்கை ஆர்வலர். நீரில் மிதக்கும் சல்வீனியா 1939 இல் கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவு வழியாக வந்தது. திலாப்பியாவை 1952 இல் குளங்களில் விட்டது அரசாங்கம். இப்பிலிப்பிலை "ஆட்டுக்கு நல்ல குழை, வேலிக்கும் நல்லது" என்று சொல்லி நடச்சொன்னவர்களும் அரசாங்க ஆட்கள்தான். உலகின் மோசமான ஆக்கிரமிப்பு இனங்கள் நூறு என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இப்பிலிப்பிலும் உண்டு. படித்தவர்களும் உத்தியோகத்தரும் நல்ல மனதோடு கொண்டுவந்தவைதான் இத்தனையும். அதனால் சட்டம் முதலில் கட்டிப்போட வேண்டியது திணைக்களங்களை. புது மரம், புது மீன், புதுப் புல் எதை அறிமுகப்படுத்துவதென்றாலும் வெளியாள் ஒருவர் ஆபத்தைக் கணித்து எழுத்தில் தரவேண்டும், அந்த எழுத்து எல்லோருக்கும் வாசிக்கக் கிடைக்கவேண்டும்.

சட்டமே இல்லாத நாடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆகாயத்தாமரை 1905 அளவில் இங்கே வந்து சேர்ந்தது, 1909 இல் அதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். ஒரு தனிச் செடிக்கு ஒரு சட்டம்! செடி இன்றைக்கும் குளங்களில் மிதக்கிறது, அந்தச் சட்டம்தான் இப்போது இல்லை. அப்புறம் 1937 இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1996 இன் கடற்றொழில் சட்டம், சுங்கச் சட்டம் என்று துண்டு துண்டாக நிறைய இருக்கிறது. செடி என்றால் விவசாயத் திணைக்களம், காட்டுக்குள் என்றால் வனசீவராசிகள், மீன் என்றால் கடற்றொழில். 2016 இல் ஆக்கிரமிப்பு இனங்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வந்தது. நல்ல கொள்கைதான், வாசித்தேன். ஆனால் கொள்கையைக் காட்டி ஒருவருடைய படலையைத் திறக்க முடியாது.

நத்தை விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். மாரி தொடங்கினால் இரவில் மதில் முழுக்க நத்தை. ரோர்ச் அடித்தால் வாழைத்தண்டிலும் கத்தரியிலும் முஷ்டியளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே சொல்வது என்று விசாரித்தால் ஓர் அலுவலகம் மற்ற அலுவலகத்தைக் காட்டியது, அவர்கள் உள்ளூர்ச் சபையைக் காட்டினார்கள், சபையில் "உப்புப் போடுங்கோ" என்றார்கள். ஊரே உப்புப் போடுகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவில் செம்மண்ணில் கிலோக்கணக்கில் உப்பு! கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதைப்பதுதான் முறை. வெறுங்கையால் தொடவே கூடாது, மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். இவ்வளவையும் ஒரு துண்டுப்பிரசுரத்தில் அடித்துக் கொடுக்கச் சட்டம்கூடத் தேவையில்லை.

இப்போது வெளிநாடுகளைப் பாருங்கள், அங்கே நம் ஆட்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று. அவுஸ்திரேலியாவுக்குப் போகும் அன்ரிமார் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) பையை விமான நிலையத்தில் தாங்களாகவே எடுத்து வைத்து, அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒளித்தால் அந்த இடத்திலேயே தண்டம் என்று தெரியும். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2014 இன் உயிர்ப்பாதுகாப்புச் சட்டப்படி ஆபத்தான உயிரினம் பரவாமல் தன்னால் இயன்றதைச் செய்வது ஒவ்வொருவரின் கடமை. அங்கேயும் பார்த்தீனியம் உண்டு. குயின்ஸ்லாந்திலிருந்து பக்கத்து நியூ சவுத் வேல்ஸுக்குள் வரும் அறுவடை இயந்திரங்களை எல்லையில் சோதித்துத்தான் விடுகிறார்கள், மூலை முடுக்கில் விதை ஒட்டியிருக்கிறதா என்று. நம்மிடம் தை பிறந்தால் நெல் வெட்டும் மெசின்கள் தெற்கிலிருந்து ஆனையிறவு தாண்டி வரிசையாக வருகின்றன. வன்னியிலிருந்து லொறி லொறியாக மாட்டெரு வருகிறது. எருவுக்குள் என்ன விதை இருக்கிறதென்று எவர் பார்த்தார்?

லண்டனில் வீடு விற்கப் போனவர்களுக்கு ஜப்பானிய நொட்வீட் என்ற செடியைத் தெரியும். வளவில் அது இருக்கிறதா என்று விற்பவரின் படிவத்தில் ஒரு கேள்வியே உண்டு. இருந்தால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். அதை வெளியில் நட்டாலோ பரவவிட்டாலோ 1981 இன் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தென்னாபிரிக்காவிலும் ஆக்கிரமிப்பு இனங்களுக்கான விதிகளின்படி, பட்டியலிட்ட இனம் காணியில் இருந்தால் விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லவேண்டும். பார்த்தீனியம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த ஒரு விதியை இங்கே கொண்டுவந்தால் எப்படியிருக்கும்! ஒரு பரப்புக் காணி என்ன விலைக்குப் போகிறதென்று கனடாவிலிருந்து கிழமைக்கு ஒருதரம் கேட்பவர்கள் எல்லோரும் மறுநாளே ஆள் பிடித்துக் காணி துப்புரவாக்குவார்கள். உறுதி எழுதும்போது நொத்தாரிசு கேட்கும் கேள்விகளில் இன்னும் ஒன்று, அவ்வளவுதான்.

"ஆள் இல்லாத காணிக்குள் எப்படிப் போவது, சட்டம் விடாதே" என்கிறார்கள். டெங்குக்கு எப்படிப் போகிறீர்கள்? 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பி.எச்.ஐ., வருகிறார், சிரட்டையில் தண்ணீர் நின்றாலும் அறிவித்தல் ஒட்டுகிறார், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார். ஊரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. தாவரப் பாதுகாப்புச் சட்டமும் காணிக்காரர் மேல், காணியை வைத்திருப்பவர் மேல், கடமையைப் போடத்தான் செய்கிறது. ஆனால் பி.எச்.ஐ. போல ஊருக்கு ஊர் நடந்து திரியும் ஆள் அதற்கு இல்லை. விவசாயப் போதனாசிரியருக்கு விதைநெல்லும் கூட்டங்களும் பார்க்கவே நேரம் காணாது. அவரிடம் போய் வழக்குப் போடு என்றால் அவர் என்ன செய்வார்? முகம் கொடுத்துப் பழகும் தோட்டக்காரர் மேல் வழக்குப் போட அவருக்கு மனமும் வராது.

வட மாகாண சபை இருந்த காலத்தில் விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பைக் கையில் எடுத்தது. பள்ளிப் பிள்ளைகள், சங்கங்கள் எல்லாம் இறங்கிப் பிடுங்கினார்கள். படங்களும் நிறைய வந்தன. 2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தது. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிரமதானம் ஒரு சனிக்கிழமையோடு முடிந்துவிடும். இந்தக் கணக்கில் எது வெல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்காரர் சீமைக்கருவேலத்தோடு பட்ட பாட்டையும் பார்த்தோம். 2017 இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டு வெட்டு என்று உத்தரவு போட்டது, புல்டோசர்கள் இறங்கின, பிறகு இடைக்காலத் தடை, பிறகு 2022 இல் மாநில அரசின் கொள்கை. வெட்டிய இடத்தில் வேறொன்றை நடாவிட்டால் அதே மரம் திரும்ப முளைக்கும் என்று அந்தக் கொள்கை நேராகவே சொல்கிறது. நமக்கும் பொருந்தும். பார்த்தீனியம் பிடுங்கிய வெறும் காணியில் பூவரசோ வேம்போ புல்லோ வராவிட்டால் அடுத்த மாரிக்குத் திரும்பவும் பிடுங்க ஆளை அனுப்பவேண்டியதுதான்.

நம்மைத் தனியாகப் பாதிக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. இந்தச் சட்டங்களை எழுதியவர்களின் மனதில் இருந்த வாசல் கட்டுநாயக்காவும் கொழும்புத் துறைமுகமும். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. எனக்கு இரண்டும் சந்தோஷம், கலியாணச் சேலைக்கும் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் சுற்றிப் போகத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயணப் பொதிகளில் மல்லிகைப் பதியன், ரோசாக் கம்பு, நாட்டு விதை எல்லாம் வரும். நம் ஆட்கள் செடியைக் கண்டால் விடமாட்டார்கள், நானும்தான். மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய நாட்களில் வள்ளத்தில் மூட்டை மூட்டையாக மஞ்சள் வந்து பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கின் இந்த இரண்டு வாசல்களிலும் எப்போதும் ஒரு தாவரத் தனிமைப்படுத்தல் உத்தியோகத்தர் நிற்கவேண்டும், தமிழில் பேசவேண்டும், "இதைக் கொண்டுவர எப்படி அனுமதி எடுப்பது" என்று சொல்லித்தரவும் வேண்டும். பறித்து எறிவதையே வேலையாக வைத்திருந்தால் அடுத்தமுறை உள்ளாடைக்குள் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

தண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரைப் பரப்பில் வெங்காயம் வைத்து, வட்டிக்குக் கடன் எடுத்தவரிடம் பார்த்தீனியத்துக்குத் தண்டம் கேட்பது அநியாயம், அவருக்குக் கூலி உதவி கொடுங்கள். தண்டம் வெறும் வளவுகளுக்கு. வீதியோரமும் தண்டவாளக்கரையும் யாருடையவையோ அந்தத் திணைக்களங்களுக்கும் அதே அறிவித்தல் போகவேண்டும். வலிகாமம் வடக்கில் முப்பது வருடம் ஆட்களை விடாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த காணிகளின் பற்றையை மட்டும் திரும்பி வந்த சனத்தின் தலையில் கட்டாதீர்கள். அந்தச் செலவு அரசாங்கத்தினுடையது.

சபைகளில் உறுப்பினராக இருக்கும் நண்பர்கள் சிலர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் உபவிதி இயற்றும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. கொழும்பில் ஆக்கிரமிப்பு இனங்களுக்கென்று தனிச்சட்டம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பராமரிப்பில்லாத காணிக்கு அறிவித்தல், நாள் குறித்துத் துப்புரவாக்கல், செலவைக் காணிக்காரரிடம் அறவிடல் என்று ஓர் உபவிதி வரைய முடியுமா என்று சபையின் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களே, அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கக்கூட வேண்டாம், ஊரில் ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) கொடுத்து வையுங்கள். ஆள் பிடித்துப் பிடுங்கும்போது பூப்பதற்கு முன் பிடுங்கச் சொல்லுங்கள். பூத்ததைப் பிடுங்கி எருக்கும்பியில் போடவேண்டாம்.