ஓம் சரியாக இருந்தாலும் காயில் கெட்டிருக்கலாம்

"மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை அளவு) சரியாக வந்தால் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) நல்லதுதான்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் காட்டும். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் உள்ளே இன்சுலேஷன் கசிவதைக் காட்டாது. அதுவும் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் கசியும். அரை மணி ஓடி வண்டி நின்றால், ஆறுவதற்குள் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டுங்கள். பொறி மங்கலாக, ஆரஞ்சாக வந்தால் காயில் மேல் சந்தேகம். பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டியில் கண்டென்சரும் (பாயின்ட்டோடு இருக்கும் சிறு மின்தேக்கி) இதே தொல்லை தரும், அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

புதுக் காயில் வாங்குமுன் வண்டியில் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) உண்டா என்று கட்டாயம் பாருங்கள். சில கார்களில் அது வயரிங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அது இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு காயிலின் பிரைமரி (பேட்டரி மின்சாரம் பாயும் சுருள்) சுமார் 3 ஓம் வேண்டும், 1.5 ஓம் காயிலைப் போட்டால் 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் பாய்ந்து பாயின்ட் கருகிவிடும்.