மண்புழுவிடம் மெதுவாகப் பேசுங்கள்

(இரவு நேரம். தூண்டிலுக்கு இரை தேடி மாமனாரும் மருமகனும் டார்ச் விளக்குடன் ஈரப் புல்வெளியில் நிற்கிறார்கள்.)

மாமனார்: (கிசுகிசுப்பாக) மாப்பிள்ளை, அதோ ஒரு மண்புழு வளைக்கு வெளியே பாதி உடலை நீட்டிக் கிடக்கிறது. நம் பேச்சுக் குரல் கேட்டால் ஓடிவிடும், சத்தம் போடாதீர்கள். (தொம் தொம்மென்று நடந்து செல்கிறார்.) அடடா, போய்விட்டதே! எல்லாம் உங்களால்தான்.

மருமகன்: நான் வாயே திறக்கவில்லை, மாமா. திறந்திருந்தாலும் அதற்குக் கேட்கப் போவதில்லை. மண்புழுவுக்குக் காது கிடையாது. உங்கள் காலடியின் அதிர்வுதான் மண் வழியே அதை எட்டியிருக்கும்.

மாமனார்: காது இல்லை என்பதை யார் போய்ப் பார்த்தார்கள்?

மருமகன்: சார்லஸ் டார்வின் பார்த்தார். தொட்டிகளில் மண்புழுக்களை வளர்த்து, அவற்றின் அருகே விசில் ஊதினார். அவருடைய மகன் பஸூன் என்ற பெரிய குழலை ஊதினார். பியானோவும் உரக்க வாசிக்கப்பட்டது. புழுக்கள் அசையவே இல்லை. இதையெல்லாம் 1881ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார்.

மாமனார்: அவ்வளவு பெரிய அறிஞர் குடும்பத்தோடு உட்கார்ந்து செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

மருமகன்: செவிடனுக்குக் காதாவது இருக்கும், மாமா. ஆனால் அதே தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரே ஒரு கட்டையை அழுத்தியதும் புழுக்கள் வளைக்குள் பாய்ந்துவிட்டன. காற்றில் வரும் ஓசையைக் கண்டுகொள்ளாத புழு, மண்ணில் வரும் அதிர்வை உடல் முழுவதாலும் உணர்ந்துகொள்கிறது.

மாமனார்: சரி, இனி நடக்கவே மாட்டேன். (குப்புறப் படுத்து, மற்றொரு புழுவின் அருகே முகத்தைக் கொண்டுபோய்) கண்ணே, அப்படியே இரு... இதுவும் போய்விட்டதே! இப்போது நான் அசையக்கூட இல்லை.

மருமகன்: நீங்கள் கொஞ்சிய சொல் கேட்கவில்லை, உங்கள் வாய்க்காற்று தோலில் பட்டிருக்கிறது. போதாததற்கு வெள்ளை வெளிச்சத்தை நேராக அதன் தலையிலேயே அடித்தீர்கள். கண் இல்லாவிட்டாலும் ஒளியை உணரும் செல்கள் அதன் தோலில், முக்கியமாக முன்பகுதியில், நிறைய இருக்கின்றன. சிவப்பு ஒளியை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுங்கள்.

மாமனார்: (சுற்றிக்கொண்டே) அதோ கத்துகிற சுவர்க்கோழிக்காவது காது உண்டா, இல்லையா?

மருமகன்: உண்டு, முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

மாமனார்: அதன் காதைத் திருக வேண்டுமென்றால் நான் அதன் காலைப் பிடிக்க வேண்டுமா? இந்த வயதில் அது முடியாது. (சட்டென்று ஒரு புழுவின் தலைப்பக்கத்தைப் பிடித்து) அகப்பட்டது! ஆனால் வெளியே வர மறுக்கிறதே, உள்ளே யாராவது பிடித்து இழுக்கிறார்களா?

மருமகன்: அதன் உடலில் உள்ள நுண்முட்களை வளையின் சுவரில் ஊன்றிக்கொண்டிருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். பிடியை மட்டும் விடாமல், அது தளரும்வரை அசையாமல் இருங்கள்.

மாமனார்: அசையாமல்தான் இருக்கிறேன், ஆனால் காதருகே கொசு வந்துவிட்டதே. இந்த இருட்டில் அது என்னை எப்படிக் கண்டுபிடித்தது?

மருமகன்: நீங்கள் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை மோந்துகொண்டு வந்திருக்கும், அருகில் வந்தபின் உடல் சூடும் வியர்வை வாடையும் வழிகாட்டும்.

மாமனார்: புழுவுக்காகக் காலை அசைக்கக் கூடாது, கொசுவுக்காக மூச்சு விடக் கூடாது! நான் செய்யலாம் என்று ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா?

மருமகன்: எதை வேண்டுமானாலும் செய்யுங்கள் மாமா, அந்தக் கையை மட்டும் எடுத்து...

(பட்டென்று அடி விழுகிறது. கொசு பறந்துவிடுகிறது; புழு வளைக்குள் போய்விடுகிறது.)