டிடெக்ட் மேஜிக் என்றால் டிஎம் முகம் ஏன் வாடணும்?

போன வாரம் ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சும் பகடையுமாக ஒரு கதையைச் சேர்ந்து ஆடும் மேஜை விளையாட்டு அது. நான் டிஎம் (கதையை நடத்துபவர்) இல்லை, ஆட்டக்காரன். ஒரு கல்லறை, மூடிய கதவு. விசார்டாக (மந்திரவாதியாக) ஆடும் தோழி, "கதவைத் தொடுறதுக்கு முன்னாடி டிடெக்ட் மேஜிக் போடுறேன், ரிச்சுவலாவே" என்றாள். பக்கத்தில் மந்திரம் இருக்கிறதா என்று காட்டும் ஸ்பெல் அது; ரிச்சுவல் என்றால் நிதானமாகச் சடங்குபோல் போடுவது. டிஎம் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, மந்திரம் இருக்கு. அப்புறம்?" என்றார். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான் எனக்கு.

பல டிஎம்களுக்கு இந்த ஸ்பெல்லைக் கண்டாலே பிடிப்பதில்லை. ஒளித்து வைத்ததையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். விதியை நிதானமாகப் படித்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று புரியும். ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் இது முதல் நிலை ஸ்பெல். பத்து நிமிடம் வரை நீடிக்கும், அதுவரை கான்சன்ட்ரேஷன் (மனக்குவிப்பு) கலையக் கூடாது. 30 அடிக்குள் மந்திரம் இருந்தால் முதலில் 'இருக்கிறது' என்ற உணர்வு மட்டும்தான் வரும். அதற்குப் பிறகு ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால், கண்ணுக்குத் தெரியும் ஆள் அல்லது பொருளைச் சுற்றி மங்கலான ஒளி தெரியும். அந்த மந்திரம் எந்த ஸ்கூலை, அதாவது எந்த மந்திர வகையைச் சேர்ந்தது என்றும் தெரியவரும். கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மாயமாக மறைந்து நிற்கும் எதிரி பக்கத்திலேயே இருந்தால், ஏதோ மந்திரம் இருக்கிறது என்று உடம்பு சொல்லும், கண்ணுக்கு ஒளி எதுவும் தெரியாது. அந்த ஒரு நொடிக்காகவே நான் இந்த ஸ்பெல்லைக் கொண்டாடுவேன்.

என் மனக்குறை எல்லாம் அந்த ஸ்கூலைப் பற்றித்தான். எட்டு ஸ்கூல்கள் இருக்கின்றன, அதில் எது என்று தெரிந்துகொள்வதுதான் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் சொத்து. அந்தக் கல்லறைக் கதவையே எடுத்துக்கொள்வோம். 'அப்ஜுரேஷன்' (காப்பு மந்திர வகை) என்று டிஎம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆர்கேன் லாக் அப்ஜுரேஷன்தான், அது வெறும் பூட்டு. அலாரமும் அப்ஜுரேஷன்தான், உள்ளே இருப்பவனை உஷார்படுத்தும். கிளிஃப் ஆஃப் வார்டிங்கும் அப்ஜுரேஷன்தான், தொட்டால் முகத்தில் வெடிக்கலாம். ஒரு வார்த்தையில் மேஜை முழுக்கப் பேச்சு கிளம்பியிருக்கும். ரோக் (திருடன்) ஒன்று சொல்வான், கிளெரிக் (பூசாரி) மறுப்பாள், கதவை யார் தள்ளுவது என்று கால் மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். டிஎம்மின் ரகசியம் அப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும். 'மந்திரம் இருக்கு' என்று முடித்துக்கொண்டதில் இவ்வளவும் போச்சு.

பழைய 3.5 பதிப்பு இந்த இடத்தில் இன்னும் அழகு. ஸ்பெல் எட்டுவது 60 அடி நீளக் கூம்பு வடிவில். முதல் ரவுண்டில் மந்திரம் உண்டா இல்லையா என்று மட்டும் தெரியும். இரண்டாவது ரவுண்டில் எத்தனை ஆரா (மந்திர ஒளி), அதில் வலுவானது எவ்வளவு வலு என்று தெரியும். மூன்றாவதில்தான் ஒவ்வொன்றும் எங்கே என்று பிடிபடும். ஸ்கூலைக் கண்டுபிடிக்க ஸ்பெல்கிராஃப்ட் என்ற மந்திர அறிவுத் திறனுக்குப் பகடை உருட்ட வேண்டும். அதைவிட, மந்திரம் முடிந்துபோன பிறகும் அதன் தடம் கொஞ்ச நேரம் மிஞ்சியிருக்கும். பலவீனமான மந்திரத்துக்குச் சில ரவுண்டுகள், மிகப் பலமானதற்குச் சில நாட்கள். கொலை நடந்த அறையில் இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம். ஐந்தாம் பதிப்பில் இந்தத் தடம் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம் ஈயத் தகடு. மெல்லிய ஈயத் தகடு ஒன்று இந்த ஸ்பெல்லைத் தடுத்துவிடும் என்பது விதிதான். மூன்றடி மரமோ மண்ணோ, ஓரடிக் கல்லோ, ஓர் அங்குல இரும்போ கூடப் போதும். நிஸ்டல்ஸ் மேஜிக் ஆரா என்ற இன்னொரு ஸ்பெல்லைப் போட்டுப் பொய்யான ஒளியையும் காட்டலாம், முப்பது நாள் விடாமல் போட்டால் யாராவது கலைக்கும்வரை அது நிற்கும். வில்லன் ஒருவன் இதை ஒரு முறை செய்தால் அவன் மேல் மரியாதை வரும். வழியில் கிடக்கும் பெட்டிக்கெல்லாம் ஈயம் பூசினால், ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரரைத் தண்டிப்பதாகத்தான் ஆகும்.

நான் டிஎம்மாக இருக்கும்போது, ஆட்டத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொரு மந்திரப் பொருளுக்கும் பக்கத்தில் ஸ்கூலை எழுதி வைத்துவிடுவேன். ஒரு முறை எங்கள் குழு ஊர்த்தலைவர் வீட்டில் தங்கியது. பாலடின் (புனிதப் போர்வீரன்) சும்மா ஒரு தடவை டிடெக்ட் மேஜிக் போட்டார். ஒளிர்ந்தது தலைவரின் வாளும் இல்லை, மோதிரமும் இல்லை. மூலையில் அவருடைய மகள் வைத்து விளையாடிக்கொண்டிருந்த மரக்குதிரை. "நெக்ரோமான்சி" என்றேன், சாவோடு தொடர்புள்ள மந்திர வகை. யாரும் டைஸைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மெல்லக் கேட்டார்: "இந்தப் பொண்ணோட அம்மா எங்கே?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அடுத்த மூன்று வாரம் ஆடினோம்.