3 லட்சம் கட்டினால்தான் கேம் டிசைனரா? உண்மை விளக்கம்

"கேம் டிசைனர் ஆக 3 லட்ச ரூபாய் கோர்ஸ், கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி இரண்டும் கட்டாயம்" என்று தஞ்சாவூர், கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ (Godot) என்ஜின் முழுக்க இலவசம். கேமை விற்றாலும் பங்கு கேட்காது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலேயே 2டி கேம் செய்யலாம். ஆனால் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரரை, அதாவது படத்தைத் திரையில் வரையும் முறையை, 'கம்பாட்டிபிலிட்டி' என்று மாற்றுங்கள். தானாக வரும் 'ஃபார்வர்ட் பிளஸ்' புதிய வகை கிராபிக்ஸ் வசதி கேட்கும், பழைய சிப்பில் திணறும். 'நம்ம கணினி தாங்காது' என்று கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

டிசைனரின் வேலை விதிகளை வகுப்பது. அதற்குத் திண்ணை போதும். கோயில் மண்டபத் தரையில் கீறியிருக்குமே, அந்த ஆடுபுலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு. ஆட்டை 12 ஆக்கி, இருவரை 10 முறை ஆடவிடுங்கள். யார் ஜெயித்தார், எங்கே சலித்தது என்று குறியுங்கள். நடுவில் வாய் திறக்காதீர்கள்; நீங்கள் விளக்கிவிட்டால் விதியில் உள்ள ஓட்டை தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்புக்கு (போர்ட்ஃபோலியோ) இந்தக் குறிப்பேடு நல்ல தொடக்கம்.

செலவு வெளியிடும்போதுதான்: கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர். சிறு கேம்களுக்கான இட்ச்.ஐஓ தளத்தில் காசே வேண்டாம். புதிய தனிநபர் பிளே கணக்கென்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே கேமை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஆளை முன்னமே பிடித்துவையுங்கள்.