லேவியராகமம் 19: எது இன்றும் செல்லும், எது செல்லாது?

"இருவகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்று உங்கள் வேதத்தில் இருக்கிறதே, நீங்கள் போட்டிருப்பது பாலியஸ்டர் கலந்த சட்டைதானே?" என்று பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தைக் காட்டி மடக்குபவர்களும், அதே நூலிலிருந்து ஒரு வசனத்தை உருவி அடுத்தவரை அடிப்பவர்களும் செய்வது ஒரே தவறு. எல்லா வசனத்துக்கும் ஒரே எடை போடுகிறார்கள்.

19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 18ஆம் வசனம், உன்னைப்போல் பிறனையும் நேசி என்கிறது. 19ஆம் வசனம் கலப்புத் துணிக்குத் தடை. நடுவில் கோடு கிடையாது. அந்தக் கோட்டை விரிவாகப் போட்டுக் காட்டியவர் 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸ். (அவரது பெரிய நூலான 'சும்மா தியோலொஜியே'யைச் சுருக்கமாக 'சும்மா' என்பார்கள். சும்மா புரட்டிவிட முடியாது.)

அவர் கணக்கில் கடவுளின் மனதில் உள்ள உலக ஒழுங்கு நித்திய சட்டம். தெய்விகச் சட்டம் வேறு, அது வெளிப்பாட்டின் மூலம் கொடுக்கப்பட்டது. மோசே வழி வந்த பழையது, கிறிஸ்து வழி வந்த புதியது என்று இரண்டு. பழையதற்குள் மூன்று வகை: ஒழுக்கம், வழிபாடு, நீதி வழக்கு (ஈடு, தண்டனை போன்றவற்றுக்கான விதிகள்). ஒழுக்கக் கட்டளைகள் என்றும் நிற்கும், ஏனென்றால் அவை பகுத்தறிவே ஏற்பவை. வழிபாட்டு விதிகள் கிறிஸ்துவை முன்குறித்தவை. கிறிஸ்து வந்த பிறகும் அவற்றைக் கடமையென்று கடைப்பிடிப்பது பாவம் என்கிறார் அக்குவினாஸ்.

மூன்றாவது வகைதான் சுவையானது. மாடு திருடி விற்றாலோ அறுத்தாலோ ஒன்றுக்கு ஐந்து திருப்பித் தரவேண்டும், ஆட்டுக்கு நான்கு (யாத்திராகமம் 22:1). ஏன் இந்த வித்தியாசம்? மாட்டுக்குப் பலி, உழவு, இறைச்சி, பால், தோல் என்று ஐந்து பயன், ஆட்டுக்குப் பலி, இறைச்சி, பால், கம்பளி என்று நான்கு என்பது சிலர் சொல்லும் காரணம் என்று குறிக்கிறார். திருடாதே என்பது ஒழுக்கம், ஐந்து என்பது வழக்கு. இன்று ஓர் அரசன் விரும்பினால் அந்த ஐந்தைத் தன் சட்டமாக வைத்துக்கொள்ளலாம். மோசே சொன்னதால் வைத்தே ஆகவேண்டும் என்று மட்டும் சொல்லக்கூடாது.

"பத்துக் கட்டளை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் போயிற்று" என்று முடித்துவிடுபவர்கள் இடறுவது ஓய்வுநாளில். (கத்தோலிக்கருக்கு அது மூன்றாவது கட்டளை, தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐ-காரர்களுக்கு நான்காவது.) கடவுளுக்கென்று நேரம் ஒதுக்குவது ஒழுக்கம், அது ஏழாம் நாளான சனிக்கிழமை என்பது வழிபாட்டு விதி என்று அக்குவினாஸ் ஒரே கட்டளையை இரண்டாக வகிர்கிறார். இது குறுக்குவழி அல்ல என்றே நினைக்கிறேன், ஆனால் வகிரும் கத்தி வசனத்தில் இல்லை, பகுத்தறிவில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்படியானால் ஞாயிறு எங்கிருந்து வந்தது?" என்று, சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை நண்பர் கேட்டால் வசனம் தேடி அலையாதீர்கள். திருச்சபையின் ஏற்பாடும் கிறிஸ்தவ மக்களின் வழக்கமும்தான் காரணம், கட்டளையின் பலம் அல்ல என்று அக்குவினாஸே எழுதிவைத்திருக்கிறார்.