வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

நோய்க்காலத்தில் அரசைக் கேள்வி கேட்காமல் ஒன்றுபட்டு நிற்க வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. சரி, யாரோடு ஒன்றுபடுவது? 2020இல் இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது அரசு. புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லியிருந்தது. பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையையும் அந்த டிசம்பரில் எரித்தார்கள். அப்புறம்தான் கொழும்பின் பொரளை கனத்தை மயான வேலியில், எதிர்ப்பாக, வெள்ளைத் துணித் துண்டுகள் தொங்கத் தொடங்கின. கோஷம் இல்லை, கொடி இல்லை, கிழித்த துணி மட்டும். கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. அந்தத் துணிகள் கழற்றப்பட்டன. வேறு ஊர்களிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து போன பேரணியிலும் புதைக்க விட வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. புதைக்க அனுமதிக்கும் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்குமா?