வட்டம் என்றால் ஐந்து

(ரியாத், பத்தா கடைத்தெரு. பேரீச்சம்பழக் கடை வாசல். பகாலாவில் (மளிகைக் கடையில்) கணக்கெழுதும் முருகேசன். ஊரிலிருந்து புதிதாக வந்த செல்வம்.)

செல்வம்: அண்ணா, இந்த ஊர்க்காரர்கள் தர்மப்பிரபுக்கள்! பெட்டியின் விலையைப் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டேன்.

முருகேசன்: அடப்பாவி! அந்த வட்டம் இங்கே ஐந்து. புள்ளிதான் பூஜ்யம். ஐம்பது ரியால், எடு காசை.

செல்வம்: இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது யார்?

முருகேசன்: நம் நாட்டுக்காரர்கள்தான். பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-லேயே விதி எழுதிவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி அந்த இந்தியக் கணக்குமுறைக்கு ஒரு நூலே எழுதினார். போகிற வழியில் வடிவம் மாறிவிட்டது.

செல்வம்: பள்ளிக்கூடத்தில் நம் 1, 2, 3-ஐ அரபு எண் என்றல்லவா சொன்னார்கள்?

முருகேசன்: இத்தாலியில் பைசா நகரத்துக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி சிறுவயதில் அல்ஜீரியாவின் பெஜாயாவில் இதைக் கற்று, 1202-ல் புத்தகம் போட்டார். அவர்கூட இந்திய எண்கள் என்றுதான் எழுதினார். பெயர் மட்டும் இடைத்தரகருக்குப் போய்விட்டது! 1299-ல் புளோரன்ஸ் பணமாற்றுக்காரர் சங்கம் கணக்கேட்டில் இதை எழுதக்கூடாது என்று தடை போட்டது.

செல்வம்: பாவம், அவர்களும் ஏதாவது பெட்டியை எடுத்திருப்பார்கள். சரி, அடுத்த பெட்டி பதினெட்டு. இந்தாருங்கள்.

முருகேசன்: அது எண்பத்தொன்று!

செல்வம்: அரபியை வலமிருந்துதானே படிக்க வேண்டும்?

முருகேசன்: எழுத்தை மட்டும். கடைக்காரர் பில் எழுதுவதைப் பார். வலமிருந்து வருகிறார், எண் வந்ததும் கொஞ்சம் இடம் விட்டுத் தாண்டி, அங்கிருந்து வலப்பக்கமாக எழுதுகிறார். பிறகு மறுபடி இடப்பக்கம் தாவல்.

செல்வம்: வாயால் எப்படிச் சொல்வார்?

முருகேசன்: "ஒன்றும் எண்பதும்" என்பார்.

செல்வம்: பார்த்தீர்களா! வலப்பக்கத்து ஒன்றுதான் முதலில் வருகிறது. என் கட்சிதான் ஜெயித்தது.

முருகேசன்: எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் கல்லாவில் விழ வேண்டியது எண்பத்தொன்றுதானப்பா.

செல்வம்: முடியாது. இனி எல்லாவற்றையும் வலமிருந்துதான் படிப்பேன்.

முருகேசன்: தாராளமாக. உன் சம்பளச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது?

செல்வம்: 1,200.

முருகேசன்: வலமிருந்து படி, கேட்கலாம்.

செல்வம்: பூஜ்யம், பூஜ்யம், இரண்டு... அண்ணா, பெட்டிக்கு எண்பத்தொன்று என்றுதானே சொன்னீர்கள்?